லில்லி இலையில் வெண்புள்ளி

கல்முனைக் கரையோர ஊர்களிலே வீட்டு வளவு என்பது பெரும்பாலும் பரந்த நிலமன்று. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பரப்பிலே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. வீட்டோடு வீடு ஒட்டிய அந்த நெருக்கத்திலும் செடி கொடிக்கு இடம் விடாதவர் குறைவு. கிணற்றடியில் ஒரு வாழை, வேலியோரம் ஒரு பப்பாசி, மூலையில் ஒரு தென்னை, வாசற்படியின் இரு மருங்கிலும் பூச்சாடிகளில் லில்லி. பல வீடுகளின் தோட்டம் இவ்வளவே.

இந்தக் கரையோரத்திலே மகளுக்கு மணமாகும்போது வீடு அவளுக்கு உரியதாவது நெடுநாள் வழக்கம். ஆகவே, தாய் நட்ட செடி மகளின் முற்றத்திலே தொடர்ந்து பூக்கின்றது. அயலிலே புதுவீடு கட்டிப் போகும் இளைய மகளுக்கும் தாய் ஒரு கிழங்கைப் பிரித்துக் கையில் கொடுக்கின்றாள். லில்லி இவ்வாறு கைமாறி வரும் செடி. அதனாலேயே அதன் இலையில் ஒரு மாசு தோன்றினாலும் வீட்டுப் பெண்களின் மனம் அமைதி கொள்வதில்லை.

அப்படி ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளலாம். காலையில் முற்றம் பெருக்க வந்த உம்மா, சாடிச் செடியின் பச்சை இலைகளிலே வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் இருப்பதைக் காண்கின்றார். ஒரு சாடியில் அன்று; இரண்டு சாடிகளில். பதறிப்போய் மகனைக் கூப்பிடுகின்றார். மகன் வந்து பார்க்கின்றான். “வயலுக்கு வாங்கின மருந்து மிச்சம் கெடக்கு உம்மா, கொஞ்சம் அடிச்சாச் செரி” என்கின்றான். கொட்டிலின் மூலையிலே பாதி குறைந்த போத்தல் ஒன்று இருக்கின்றது. அது நெற்பயிருக்கு வாங்கிய பூச்சிநாசினி.

மகன் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. இந்த வெள்ளை எது? நாடி பிடித்துப் பாராமல் மருந்து அரைக்கும் பரிகாரியாரை ஊர் நம்புவதில்லை. செடிக்கு மட்டும் அந்த முறை வேண்டாமென்று விடுவது எவ்வாறு பொருந்தும்? வெண்புள்ளி என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அடையாளம் மாத்திரமே. காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவாய் இருப்பதுபோல, வெண்புள்ளியும் பல காரணங்களுக்குப் பொதுவானது. அவற்றுட் சில நோயே அல்ல. சிலவற்றுக்குத் தண்ணீரே மருந்து. இன்னும் சிலவற்றுக்கு எந்த மருந்தும் பயன்படாது.

காரணங்களைக் காணுமுன், லில்லி என்ற பெயரைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாவரவியலார் லில்லி என்று கூறும் உண்மையான இனம் குளிர்நாட்டுக்குரியது. கீழைக் கரையின் வெப்பத்திலே அது நெடுநாள் நிலைப்பதில்லை. இங்கே லில்லி என்ற பெயரால் வளர்வன பெரும்பாலும் வேறு குடும்பத்தவை. வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து தடித்த தண்டு எழுப்பிப் பெரிய சிவப்புப் பூப் பூப்பது ஒன்று. சிலந்தியின் கால்கள்போல் வெள்ளை இதழ் விரிப்பது மற்றொன்று. மழை பெய்த மறுநாள் மலரும் சிறு லில்லி இன்னொன்று. இவை மூன்றும் அமரில்லிஸ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டின் உள்ளே நிழலில் வளர்க்கப்படும் வெள்ளைப்பூ லில்லியோ சேம்பின் உறவு. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று. ஏனெனில், வெயிலில் வாழும் செடிக்கு வரும் குறை வேறு. நிழலில் வாழும் செடிக்கு வரும் குறை வேறு.

இனிச் சோதனைக்கு வரலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஈரத்துணி ஒன்று, வெள்ளைக் கடதாசி ஒன்று, வீட்டில் இருக்குமாயின் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, இவை போதும். செய்ய வேண்டியவை மூன்று. துடைத்துப் பார்த்தல், புரட்டிப் பார்த்தல், தட்டிப் பார்த்தல்.

முதலாவது, துடைத்துப் பார்த்தல். ஈரத்துணியினால் புள்ளியை மெல்லத் துடைக்க வேண்டும். வெள்ளை முழுவதும் நீங்கி, அடியிலே இலை பச்சையாகவும் பழுதின்றியும் இருக்குமாயின், பெரும்பாலும் அது நோயன்று. கடற்காற்றில் வந்த உப்பாக இருக்கலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே அலையின் நுண்துளிகள் கரையை அடுத்த வீடுகள்வரை வந்து படிகின்றன. நீர் உலர்ந்ததும் உப்பு எஞ்சுகின்றது. உப்பாயின் வெறும் நீரிலே உடனே கரைந்துவிடும். இலையின் ஓரமும் நுனியும் கருகியிருப்பது அதற்குத் துணைச் சான்று. இதற்குப் பரிகாரம் மாலையில் நல்ல நீரால் இலையைக் கழுவுவதும், சாடியைக் காற்று மறைவில் வைப்பதுமே.

வெறும் நீருக்கு எளிதில் இளகாமல், வளையம் வளையமாய் ஒட்டிக்கொண்டிருப்பது சுண்ணப் படிவாக இருக்கக்கூடும். சில கிணறுகளின் நீரிலே கல்சியம் மிகுதி. அந்த நீரைக் காய்ச்சும் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படிவு கட்டுவதை எல்லோரும் கண்டிருப்பர். அதே நீரை வெயிலில் இலைமேல் வாரி ஊற்றினால், துளி உலர்ந்த இடத்தில் அதே வெள்ளைதான் எஞ்சும். ஐயமாயின் ஒரு துளி வினாகிரியை அதன்மேல் விட்டுப் பார்க்கலாம். சுண்ணமாயின் நுண்ணிய குமிழிகள் எழும்பிக் கரையும். வினாகிரியிலே ஐந்து மடங்கு நீர் கலந்து, துணியை நனைத்து இலையைத் துடைத்து, உடனே நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். பிறகு நீரை இலைமேல் ஊற்றாமல் அடியிலே ஊற்றினால் அந்த வெள்ளை மீண்டும் வாராது. மாரி காலத்தில் பிடித்துவைத்த மழைநீர் மிகவும் சிறந்தது. உப்போ சுண்ணமோ என்று அறிய நாவில் வைத்துப் பார்க்கலாகாது. லில்லியின் இலையிலும் கிழங்கிலும் நச்சுப் பொருள் உண்டு. வெங்காயமென மயங்கி அதன் கிழங்கை உண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். கார்த்திகைப்பூ என்னும் செங்காந்தளின் கிழங்கோ உயிரையே போக்கக்கூடியது. அதனாற் செடியைத் தொட்ட பின் கையைக் கழுவுவதும், சிறுவர்க்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாது வைப்பதும் கடமையாகும்.

துடைக்கும்போது வெள்ளை மாவுபோல் விரலில் ஒட்டிக்கொண்டு, இரண்டொரு நாளில் அதே இடத்தில் மறுபடியும் படர்ந்தால், அது தூட்பூஞ்சணம் என்னும் பங்கசு நோயாகலாம். இந்த லில்லி இனங்களில் இது அரிது. ஆனால் அயலிலுள்ள பூசணி, பாகல், ரோசா முதலியவற்றில் அடிக்கடி காணப்படும். பங்கசு என்றவுடன் ஈரத்தை நினைப்பது வழக்கம். இதுவோ அந்த வழக்கத்துக்கு மாறானது. இலைமேல் நீர் தேங்கி நிற்பது இதன் வித்திக்கு ஒவ்வாது. பகலில் வறட்சி, இரவில் காற்றில் ஈரப்பதன், செடிகளிடையே நெருக்கம், இவையே இதற்கு உகந்தவை. 1845ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மார்கேற் நகரில் இருந்த தக்கர் என்னும் தோட்டக்காரர், தமது திராட்சையில் இத்தகைய வெள்ளை மாவைக் கண்டார். கண்டதைக் கவனித்தார். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து இட்டால் அது அடங்குவதையும் அறிந்தார். பின்னர் அந்த நோய் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியபோது, கந்தகமே அவற்றைக் காத்தது. பெரிய ஆய்வுகூடம் எதுவும் இல்லாத ஒருவரின் கூர்ந்த பார்வையே அதற்குத் தொடக்கமாய் இருந்தது. வீட்டளவில், நோய்ப்பட்ட இலையை நீக்கி, சாடிகளை விலக்கி வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே முதல் மருந்து. பிரேசில் நாட்டு ஆய்வாளர் ஒருவர் பூசணியினச் செடிகளிலே பசுப்பாலும் நீரும் கலந்து தெளித்து இந்த நோயைக் கட்டுப்படுத்தியதை 1999இல் வெளியிட்டார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் என்பது அதிலே பயன் தந்த அளவுகளுள் ஒன்று.

துடைத்தும் போகாத வெள்ளை வேறு வகையானது. அது இலையின் மேலே படிந்ததன்று, இலைக்குள்ளேயே இருப்பது. நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று வெயிலில் வைத்தால், வெயில் படும் பக்கத்து இலை வெளிறி, உலர்ந்த கடதாசிபோல் ஆகிவிடும். வெந்த இலை மீண்டும் பச்சையாகாது. சாடியை நிழலுக்கு மாற்றிப் புதிய தளிரை எதிர்பார்க்க வேண்டியதே. சில இனங்களின் இலை நடுவில் நேர்கோடாய் ஓடும் வெண்மையோ இயற்கை அழகு. அதற்கு மருந்து தேடுவது பேதைமை.

இரண்டாவது, புரட்டிப் பார்த்தல். பூச்சிகள் பெரும்பாலும் இலையின் மறுபுறத்திலும், இலை தண்டைத் தழுவும் இடுக்கிலுமே குடியிருக்கும். அங்கே வெள்ளைப் பஞ்சுபோல் சிறு பொதிகள் காணப்படுமாயின் அது மாவுப்பூச்சி. வெண்மூட்டுப்பூச்சி என்றும் அதனைச் சொல்வதுண்டு. மருதமுனைத் தறிக்கொட்டிலின் மூலையிலே சேரும் நூற்பஞ்சு போன்ற தோற்றம். உள்ளே இருப்பதோ சாற்றை உறிஞ்சும் உயிர். இலை பிசுபிசுப்பாக இருக்கும். எறும்புகள் வரிசையாய் ஏறி இறங்கும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிய நீரை எறும்பு உண்கின்றது; அதற்குக் கைம்மாறாக அதன் பகைவரை எறும்பு விரட்டுகின்றது. ஆகவே சாடியில் எறும்பு கண்டால், எறும்பை மட்டும் குறைகூறாமல், அது எதனைக் காவல் செய்கின்றது என்று பார்க்க வேண்டும்.

மாவுப்பூச்சிக்கு வீட்டு வைத்தியம் உண்டு. முதலில் அந்தச் சாடியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். மருந்துக்கடையிலே கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பொதிகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தெடுக்க வேண்டும். மெழுகுப் பூச்சு கரைந்ததும் பூச்சி இறந்துவிடும். பின்னர் ஒரு லீற்றர் நீரிலே ஒரு தேக்கரண்டி திரவ சவர்க்காரமும் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் நன்றாகக் கலக்கி, முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் இலை வாடாதிருப்பின் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். மாலை வேளையே இதற்குத் தகுந்தது. ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துவிடக்கூடாது. முட்டைகள் பஞ்சினுள் மறைந்திருந்து பிறகு பொரிக்கும். எனவே வாரம் ஒருமுறையாக மூன்று வாரமாவது தொடர வேண்டும். அதன் பின்னும் செடி வாடுமாயின், கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேரிலும் கிழங்கின் தோலிடுக்கிலும் பூச்சி ஒளிந்திருப்பதுண்டு. யூரியாவை அள்ளிப் போடுவதையும் நிறுத்த வேண்டும். அதனால் எழும் மெல்லிய இளந்தளிர் சாறுண்ணும் பூச்சிகளுக்கு விருந்தாகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெள்ளை மெழுகு போர்த்த எல்லா உயிரும் மாவுப்பூச்சியன்று. சில பொறிவண்டுகளின் இளம்புழுக்களும் அதே வெள்ளையை அணிந்திருக்கும். ஆனால் அவை சற்றுப் பெரியவை. தொட்டால் விரைந்து ஓடும். அவை செடியை உண்பனவல்ல, மாவுப்பூச்சியையே உண்பன. பகைவனும் காவற்காரனும் ஒரே உடையிலே வரும் இடம் இது. கண்டதை எல்லாம் நசுக்குபவர் தம் காவற்காரனையும் நசுக்கிவிடுவர்.

இலையைப் புரட்டியபோது வெள்ளைத் துகள்கள் மேற்புறத்தில் மட்டுமே சிதறிக் கிடந்து, மறுபுறம் தூய்மையாய் இருக்குமாயின், தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். சாடிக்கு மேலே தென்னோலை இருக்கின்றதா? தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது. சில ஆண்டுகளுள் இலங்கைத் தென்னைகளிலும் அது பரவிற்று. ஓலையின் கீழ்ப்புறத்தில் வட்ட வட்டமாய் வெள்ளை மெழுகிட்டு அது முட்டை வைக்கும். அந்த மெழுகும், அது சொரியும் பிசுபிசுத்த நீரும் கீழேயுள்ள செடிகளின்மேல் விழும். அந்த நீரிலே பின்னர் கரிபோன்ற பூஞ்சணம் படரும். இங்கே நோயாளி தென்னை. லில்லி வெறும் சாட்சி. லில்லிக்கு மருந்தடித்துப் பயனில்லை. இலையைக் கழுவிச் சாடியை இடம் மாற்றினால் போதும்.

மூன்றாவது, தட்டிப் பார்த்தல். இலையெங்கும் ஊசிமுனைபோல் நுண்ணிய வெளிர்புள்ளிகளோ வெள்ளியிழை போன்ற கீறல்களோ இருந்து, துடைத்தும் போகாவிடின், இலையின் கீழே வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, இலையைத் தட்ட வேண்டும். விழுந்த துகள்களுள் சில நடக்குமாயின் கள்வர் அகப்பட்டார்! மெலிந்து நீண்டவையாயின் அவை பனிப்பூச்சிகள். புள்ளிபோல் உருண்டு, மெல்ல ஊர்ந்து, இலையில் நுண்ணிய வலையும் இருந்தால் அவை சிற்றுண்ணிகள். இவை இலையின் உயிரணுக்களைக் குத்திச் சாற்றைக் குடித்துவிடும். வெறுமையான அணுக்களிலே காற்றுப் புகுவதனால் அந்த இடம் வெள்ளையாய் மினுங்குகின்றது. நடுவேனிலில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாய் வீசும் காலமே சிற்றுண்ணிக்கு உகந்த காலம். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் மறுபுறத்திலே நீரைப் பீச்சிக் கழுவினால் பெரும்பகுதி ஒழிந்துவிடும். எஞ்சியவற்றுக்கு முன்சொன்ன சவர்க்கார நீர் போதும். பழைய புள்ளி மறையாது. புதிய இலையிலே புள்ளி வாராதிருப்பதே குணமானதற்கு அடையாளம்.

இனி, வயலின் மருந்துப் போத்தலுக்கு மீண்டும் வருவோம். அதனை எடுத்து அடித்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். முதலாவதாக, உப்பையும் சுண்ணத்தையும் வெயிற் கருகலையும் எந்தப் பூச்சிநாசினியும் போக்காது. இரண்டாவதாக, உண்மையிலே பூச்சியாக இருந்தாலும், அந்த நஞ்சு பெரும்பாலும் முதலில் கொல்வது செடியின் நண்பர்களையே. மெழுகுக் கவசம் மாவுப்பூச்சியைக் காக்கும். அதனை உண்ணும் குளவிக்கும் வண்டுக்கும் கவசம் இல்லை.

இதற்கு இலங்கையே நல்ல சான்று. 2008ஆம் ஆண்டிலே பப்பாசி மாவுப்பூச்சி என்னும் புதிய பகை இந்த நாட்டில் காணப்பட்டது. மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அந்தப் பூச்சி, பப்பாசி மரங்களை வெள்ளைப் பஞ்சாய் மூடிற்று. மரவள்ளி, செவ்வரத்தை என்று பலவற்றிலும் பரவிற்று. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலே கோயம்புத்தூரிலும் அது தோன்றி, மரவள்ளியையும் பட்டுப்புழுவுக்கு உணவான மல்பெரியையும் பாழாக்கிற்று. தெளித்த மருந்துகள் நிலையான பயன் தரவில்லை. அப்போது அறிஞர் கேட்ட கேள்வி, எந்த மருந்து என்பதன்று. தன் தாய்நாட்டில் இந்தப் பூச்சி ஏன் இவ்வளவு அட்டகாசம் செய்யவில்லை என்பதே அது. அங்கே அதனுள் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே உண்ணும் சிறு குளவிகள் இருந்தன. ஒரு மில்லிமீற்றரினும் சிறியவை, மனிதரைக் கொட்டாதவை. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அவை 2009இல் இலங்கைக்கும், 2010இல் இந்தியாவுக்கும் வருவிக்கப்பட்டன. விடப்பட்ட இடங்களிலே மாவுப்பூச்சி வெகுவாக அடங்கிற்று. கண்ணுக்குப் புலப்படாத அந்தக் குளவி, போத்தல் போத்தலாய் நஞ்சு தெளித்தும் முடியாததைச் செய்து காட்டியது.

இது புதுமையன்று. கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை வெண்பஞ்சுப் பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கோபல் என்பவர் ஒருவகைப் பொறிவண்டைக் கண்டு அனுப்பிவைத்தார். ஓரிரு ஆண்டுகளுள் தோட்டங்கள் மீண்டன. எல்லா இடத்திலும் வெற்றிக்கு முன்னே நிகழ்ந்தது ஒன்றே: வெள்ளை எது என்று ஐயமறக் கண்டுகொண்டது.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் பெரியது. அது கிணறு. இந்த ஊர்களின் கிணறுகள் ஆழமற்றவை. மேலே ஊற்றியது மணலினூடே விரைவில் கீழே இறங்குவது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்தபோது, எத்தனையோ கிணறுகள் ஒரே காலையில் உப்பாகிவிட்டன. இறைத்தும் கழுவியும் உடனே தெளியவில்லை; மாரி மழை பெய்து நிலத்தைக் கழுவும்வரை காத்திருக்க நேர்ந்தது. நிலத்தடி நீர் எவ்வளவு எளிதிற் கெடும், எவ்வளவு தாமதித்துத் தெளியும் என்பதை இந்தக் கரை அன்று கண்ணீரோடு கற்றது. உப்பையாவது நாக்கு அறியும். நஞ்சோ சுவையால் அறிவிப்பதில்லை. பூச்சாடிக்கும் கிணற்றுக்கும் இடையே பத்தடி இல்லாத வளவிலே, வயலுக்குரிய நஞ்சைத் தெளிப்பதும், தெளித்த வாளியைக் கிணற்றடியிலே கழுவுவதும், குழந்தைகள் குடிக்கும் நீரோடு விளையாடுவதாகும்.

இலங்கையில் பூச்சிநாசினிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1980இல் வந்தது. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எப்படி என்று பதிவு செய்தே மருந்து விற்கப்பட வேண்டும். மிகக் கொடியனவான மொனோகுறோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995இல் நிறுத்தப்பட்டன. எண்டோசல்பான் 1998இல் தடைசெய்யப்பட்டது. நஞ்சினால் மாண்டவர் தொகை பெருகியதே அதற்குக் காரணம். பின்னர் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. நெல்லுக்கென்று பதிந்த மருந்து நெல்லுக்கே உரியது. கொட்டிலில் கிடக்கும் பழைய போத்தல் பூச்செடிக்கு மருந்தாகாது. பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது.

வீட்டிலே செய்த சோதனையால் ஐயம் தீராவிடின், நோய்ப்பட்ட இலையை உறையிலிட்டு அருகிலுள்ள கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். கேட்பதிலே வெட்கம் ஒன்றுமில்லை; அறியாமல் அடிப்பதிலேதான் ஆபத்து உண்டு.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. கடையிலே வாங்கிய புதுச் செடியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சாடிகளுக்கிடையே காற்று நுழைய இடம் விட வேண்டும். வாரம் ஒருமுறை இலைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிழங்கு பிரிக்கும்போது கவனம் வேண்டும். இலையிலே வெளிர்மஞ்சள் கோடுகளும் திட்டுகளும் ஒழுங்கின்றி ஓடி, ஆண்டுதோறும் செடி குன்றி வருமாயின், அது வைரசு நோயாகலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தக் கிழங்கை எடுத்து அழிப்பதே முறை. அதனை வெட்டிய கத்தியையும் ஸ்பிரிட்டினால் துடைக்க வேண்டும். மாவுப்பூச்சியும் வைரசும் கிழங்கோடு சேர்ந்து ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போகும். மகளுக்குக் கொடுப்பது பூவாக இருக்க வேண்டும். நோயாக இருத்தல் ஆகாது.

அந்த வீட்டு முற்றத்துக்கே திரும்புவோம். உம்மா ஈரத்துணியை எடுக்கின்றார். முதற் சாடியின் வெள்ளை, வினாகிரித் துளி பட்டதும் நுரைத்துக் கரைகின்றது. கிணற்று நீரை வெயிலில் வாரி ஊற்றியதன் விளைவு அது. இரண்டாவது சாடியின் இலையை மகன் புரட்டுகின்றான். இடுக்கிலே பஞ்சுப் பொதி. தண்டிலே எறும்பு வரிசை. அது மாவுப்பூச்சி. ஒரே முற்றம், ஒரே செடி, ஒரே வெள்ளை, ஆனால் காரணம் இரண்டு, பரிகாரமும் இரண்டு. ஒன்றுக்கு நீர் ஊற்றும் முறையை மாற்றினால் போதும். மற்றொன்றுக்கு ஸ்பிரிட்டும் பஞ்சும் மூன்று வாரப் பொறுமையும் வேண்டும். வயல் மருந்து இரண்டுக்கும் தேவைப்படவில்லை. மகன் போத்தலைக் கொட்டிலில் உயரத்தே வைத்துப் பூட்டிவிட்டு வருகின்றான்.

கிணற்றிலே வாளி இறங்குகின்றது. தெளிந்த நீர் மேலே வருகின்றது. அந்தத் தெளிவைக் காப்பாற்றியது ஒரு சிறு கேள்விதான். இலையில் வெள்ளையைக் கண்டதும் கை போத்தலை நாடுமுன், கண் ஒருமுறை அந்த இலையை நாடட்டும்.